சாப்பாட்டு மேசையின் மணிக்கூலி

கணினித் துறைக்கு வரும் பெண்களுக்கு நம் கல்லூரிகளில் அலுக்காமல் சொல்லப்படும் கதைகளில் ஒன்று ஸ்டெபனி ஷெர்லியின் கதை. மகளிர் தின மேடைகளில் நானே மூன்று முறையாவது கேட்டிருக்கிறேன். 1939-இல், ஐந்து வயதில், நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற விடப்பட்ட ரயில்களில் ஒன்றில் ஏறி இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். அஞ்சல் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். பெண் என்பதே மேலே போகத் தடையாக இருந்ததைப் பார்த்துச் சலித்து, 1962-இல் 6 பவுண்டு முதலோடு தன் வீட்டிலேயே ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கல்யாணத்தாலும் பிரசவத்தாலும் வேலையை விட்டிருந்த பெண் நிரலாளர்களைத் தேடிப் பிடித்து, அவரவர் வீட்டிலிருந்தே, முடிந்த நேரத்தில் வேலை செய்ய வைத்தார். ஸ்டெபனி என்று கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டார், வந்தது. அவர் முதலில் எடுத்த 300 பேரில் 297 பேர் பெண்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் இந்தப் பெண்களின் வீடுகளில்தான் எழுதப்பட்டது.

மேடையில் கதை இந்த இடத்தில் கைதட்டலுக்காக நிற்கும். பிறகு, நீங்களும் வீட்டிலிருந்தே சாதிக்கலாம் என்று முடியும். அந்தப் பெண்களுக்கு மணிக்கு எவ்வளவு கொடுத்தார்கள், அந்தத் தொகையை யார் எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று ஒரு மேடையிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தக் கேள்வியோடு மூன்று புத்தகங்களை வாசித்தேன். ஷெர்லியின் தன்வரலாறான ‘லெட் இட் கோ’ (2012), ஜேனட் அபேட் எழுதிய ‘ரீகோடிங் ஜெண்டர்’ (2012), மார் ஹிக்ஸ் எழுதிய ‘புரோகிராம்டு இனீக்குவாலிட்டி’ (2017). முதலாவது முதலாளி எழுதியது. அதைக் குறையாகச் சொல்லவில்லை; முதலாளியாகப் பேசுகிறார் என்பதை மறந்துவிட்டு வாசிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நேரத்தை அவரவரே தீர்மானித்துக்கொள்ளும் சுதந்திரம், ஊழியரை நம்புவது, நிறுவனத்தின் பங்கை ஊழியருக்குக் கொடுப்பது ஆகிய மூன்றும்தான் அவருக்குப் பெருமை. பெருமைப்படத் தக்கவையும்தான். நிறுவனத்தின் கால்பங்கைத் தன் கையிலிருந்தே ஊழியருக்குக் கொடுத்தார். அதனால் அவருடைய ஊழியர்களில் 70 பேர் கோடீசுவரர்கள் ஆனார்கள். எந்த ஆண் முதலாளி இதைச் செய்தார் என்று கேட்டால் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

ஆனால் பங்கு என்பது காலம் தாழ்ந்து வரும் கூலி. பங்கு வரும்வரை நிறுவனத்தில் இருந்தவருக்குத்தான் அது. 1964-இல் ஒரு நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது குழந்தை பிறந்ததும் விலகிப்போன பெண்ணுக்கு அவள் எழுதிய மணிநேரத்துக்கான காசு மட்டுமே மிச்சம். அந்தக் காசு நியாயமானதா என்பதைப் பங்கின் கதையை வைத்து மூடிவிட முடியாது.

இங்கே ஹிக்ஸின் நூல் நமக்கு உதவுகிறது. மூன்றிலும் முக்கியமானது அதுதான் என்பது என் கருத்து. பிரிட்டிஷ் அரசுப் பணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் தருவதாக 1955-இல் ஒப்புக்கொண்டார்கள். தவணை தவணையாக உயர்த்தி 1961-இல் சமமாக்குவது என்று ஏற்பாடு. ஆனால் இயந்திரப் பிரிவுப் பெண்களுக்கு, அதாவது அன்றைக்குக் கணக்கிடும் எந்திரங்களையும் கணினிகளையும் இயக்கியவர்களுக்கு, அது கிடைக்கவில்லை. ஏன்? அந்தப் பிரிவில் ஏறக்குறைய எல்லாருமே பெண்கள். ஒப்பிட ஓர் ஆணின் சம்பளம் இல்லை. ஒப்பிட ஆண் இல்லாத இடத்தில் பெண்ணின் சம்பளமே அந்த வேலையின் சம்பளம். ஆகவே அநீதி எதுவும் நடக்கவில்லை, வேலையின் சந்தை விலையே அதுதான் என்று ஆகிவிட்டது.

இந்தத் தர்க்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். இன்றைக்குப் பகுதிநேரமாக, தொலைவிலிருந்து, ஒப்பந்தத்தில் நிரல் எழுதும் பெண்ணிடம் சொல்லப்படும் ‘மார்க்கெட் ரேட்’ என்ற சொல்லுக்குள் இருப்பது இதேதான். இந்த வகை வேலைக்கு வருகிறவர்கள் யார்? பிரசவத்துக்குப் பின் அலுவலகம் திரும்ப முடியாதவர்கள், மாமியாரின் பக்கவாதத்தைப் பார்த்துக்கொள்பவர்கள், கணவரின் மாற்றலோடு ஊர் மாறியவர்கள். ஆண்களும் ஒப்பந்த வேலை செய்கிறார்கள். ஆனால் வாரம் 20 மணிநேரத்துக்கு மேல் முடியாது என்று முதல் பேச்சிலேயே சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். வரம்பை முதலில் சொல்பவர் பேரத்தில் பாதியை அப்போதே விட்டுக்கொடுத்தவர். இப்படி விட்டுக்கொடுத்தவர்களின் தொகைகளை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து அதற்குச் சந்தை விலை என்று பெயர் வைத்தால், அது 1955-இன் இயந்திரப் பிரிவேதான்.

அபேட்டின் நூல், ஷெர்லிக்கு முன்பே அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இதே வழியில் போன எல்சி ஷட்டைப் பற்றிச் சொல்கிறது. கருவுற்றதும் முழுநேர வேலையை விட நேர்ந்த அவர், 1950களின் இறுதியில் தன்னைப்போன்ற தாய்மார்களை வைத்து நிரல் எழுதும் நிறுவனம் தொடங்கினார். அட்லாண்டிக்கின் இரு கரையிலும், ஒருவரையொருவர் பின்பற்றாமல், இரண்டு பெண்கள் ஒரே தீர்வுக்கு வந்திருக்கிறார்கள். காரணம் பெண்களின் விருப்பம் மட்டுமல்ல. அலுவலகங்கள் பகுதிநேரத்தை மறுத்தன. அதனால் பயிற்சி பெற்ற மூளைகள் வீட்டில் கிடந்தன. நிரலாளர் பஞ்சமோ கடுமையாக இருந்தது. பஞ்ச காலத்தில் ஒரு பொருளின் விலை ஏறவேண்டும். இங்கே ஏறியதற்குப் பதில் ‘வாய்ப்பு’ என்று பெயர் மாறியது.

ஷெர்லி சொல்லும் ஒரு செய்தி எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் சத்தம் கேட்டுவிடாமலிருக்க, தட்டச்சு எந்திரம் ஓடும் சத்தத்தை ஒலிநாடாவில் பதிவுசெய்து பின்னணியில் ஓடவிடுவாராம். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒலிநாடா மறைத்தது எதை? ஒரு வேலை நடப்பதற்கு அடியில் இன்னொரு வேலை நடக்கிறது என்பதை. குழந்தையைத் தூங்கவைத்த பிறகுதான் நிரல். தூங்கவைக்கும் உழைப்புக்கு விலை இல்லை என்பது பழைய கதை. பெண்ணியம் அதை நிறையப் பேசிவிட்டது. அதிகம் பேசாதது, அந்த விலையில்லா உழைப்பு மேலே இருக்கும் கூலி வேலையின் விலையையும் கீழே இழுக்கிறது என்பதை. வீட்டில்தானே இருக்கிறாள், இருக்கிற நேரத்தில்தானே செய்கிறாள் என்று வாங்குபவர் நினைக்கும் கணத்தில் நிரல் எழுதுவது கைவேலை ஆகிவிடுகிறது. ஊறுகாய் போடுவது, ஜாக்கெட் தைப்பது, நிரல் எழுதுவது.

அன்றைய ஒலிநாடாவுக்கு இன்று பதிலாக வந்திருப்பது, ஜூம் கூட்டத்தில் பின்னணியை மங்கலாக்கும் வசதி.

இந்த இடத்தில் பீடியைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டிலிருந்து செய்யும் வேலை என்றால் கணினித் துறைப் பெண்களுக்கு லண்டன் நினைவுக்கு வருகிறது. முக்கூடலோ மேலப்பாளையமோ வருவதில்லை. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என்றே வரையறுத்தது. இடையில் காண்ட்ராக்டர் இருந்தாலும் அவள் தொழிலாளிதான். 1985-இல் உச்ச நீதிமன்றம், வீட்டில் பீடி சுற்றுபவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. முதலாளிகள் தரப்பின் வாதம் என்ன? அவர்கள் எங்கள் கூரைக்கு அடியில் இல்லை, எப்போது சுற்றுகிறார்கள் என்பதை நாங்கள் மேற்பார்வையிடுவதில்லை என்பது. அதற்கு நீதிமன்றத்தின் பார்வை: சுற்றிவந்த பீடியைத் தரம் பார்த்துக் கழிக்கும் உரிமை முதலாளியின் கையில் இருக்கிறதே, அதுவே மேற்பார்வை.

கழிக்கும் உரிமை. இதை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிரல் எழுதி அனுப்பினால் ‘கோட் ரிவ்யூ’ என்று ஒன்று நடக்கிறது. இதை ஏற்கிறேன், இதை மாற்று, இது வேண்டாம். கழித்ததைத் திரும்ப எழுதும் நேரத்துக்குப் பல ஒப்பந்தங்களில் காசு கிடையாது. கழிவு பீடிக்குக் கூலி கிடையாது என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒரு வேறுபாடு உண்டு. பீடி சுற்றும் பெண்ணை அந்தச் சட்டம் தொழிலாளி என்று அழைத்தது. பொறியியல் பட்டம் வாங்கிய பெண்ணோ தன்னைத் தொழில்முனைவோர் என்று அழைத்துக்கொள்கிறாள். லிங்க்ட்இன் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறாள். ஆகையால் வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை. 2017-இன் திருத்தத்தால் 26 வாரமாக உயர்ந்த பேறுகால விடுப்பும் அவளுக்கு இல்லை. ஒரே முதலாளியிடம் ஒரே மாதிரி வேலைக்கு ஒரே ஊதியம் என்று 1976-இன் சம ஊதியச் சட்டம் சொன்னது. ஊழியர் என்ற பட்டியலிலேயே இல்லாதவளுக்கு அதனால் பயனில்லை. பீடிப் பெண்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஏட்டில் இருந்த அளவுக்குக் கையில் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஏட்டில் ஏறுவதற்கே அவர்கள் சங்கம் வைத்துப் போராட வேண்டியிருந்தது. குஜராத்தில் 1972-இல் தொடங்கிய சேவா அமைப்பின் பெண்களும் மற்ற நாட்டுப் பெண்களும் சேர்ந்து குரல் கொடுத்ததால்தான், 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைமுறைக்கென்று தனி உடன்படிக்கை, 177-ஆம் எண், கொண்டுவந்தது. இந்தியா அதில் சேரவில்லை.

சரி, நியாயமான தொகை எது? கொள்கை பேசிவிட்டு எண்ணைச் சொல்லாமல் நழுவுவது நம் எழுத்தின் பழைய நோய். கணக்குப் போடுவோம்.

ஒரு நிறுவனத்தில் இந்த வேலையை முழுநேரம் செய்பவரின் ஆண்டுச் செலவு, நிறுவனம் கட்டும் வைப்பு நிதியெல்லாம் சேர்த்து, 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பகுதிநேரக்காரரிடம் பேசும் மனிதவளப் பிரிவு என்ன செய்யும்? வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம், மொத்தம் 2,080 மணி. வகுத்தால் மணிக்கு 577 ரூபாய். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த முழுநேர ஊழியர் 2,080 மணி வேலை செய்வதில்லை. பண்டிகை விடுமுறை 10 நாள், ஈட்டிய விடுப்பும் தற்செயல் விடுப்பும் 27 நாள் என்று கொண்டால் 37 நாள், ஏழு வாரத்துக்கு மேல், வேலை செய்யாமலே சம்பளம் வருகிறது. ஒப்பந்தக்காரிக்கு அது இல்லை. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே சும்மா இருக்கும் நாட்களையும் சேர்த்தால் ஆண்டில் 40 வாரம்தான் அவளுக்குக் கிடைக்கும். வாரம் 20 மணி என்றால் 800 மணி. அதிலும் கால்வாசி, பில் போட முடியாத நேரம்: அடுத்த வேலை தேடுவது, மதிப்பீடு எழுதிக் கொடுப்பது, பேரம் பேசுவது, பில் அனுப்பி மூன்று முறை ஞாபகப்படுத்துவது, புதிதாக வந்த கருவியைக் கற்றுக்கொள்வது. அலுவலகத்தில் இவற்றுக்கெல்லாம் வேறு துறைகள் இருக்கின்றன. கற்றுக்கொள்வதற்கோ சம்பளத்தோடு பயிற்சி. ஆக மிஞ்சுவது 600 மணி. செலவு என்று பார்த்தால், 75,000 ரூபாய் மடிக்கணினி மூன்று ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 25,000. இணையமும் கரண்ட் போனால் ஓடும் யூபிஎஸ்ஸும் 15,000. நிறுவனம் எடுத்துத்தரும் மருத்துவக் காப்பீட்டுக்குப் பதில் சொந்தக் காப்பீடு 20,000. மொத்தம் 60,000. பாதிநேர வேலைக்குப் பாதிச் சம்பளமான 6 லட்சத்தோடு இதைச் சேர்த்து 600-ஆல் வகுத்தால் மணிக்கு 1,100 ரூபாய்.

577-உம் 1,100-உம் ஒரே சம்பளம். இதில் பேறுகாலத்தை நான் சேர்க்கவே இல்லை. மணிக்கு 577 வாங்கி நன்றி சொல்லும் பெண், முழுநேர ஊழியருக்குச் சமமாகக்கூட அல்ல, அதில் பாதிக்குச் சற்றே அதிகமாக வாங்குகிறாள். எண்களை உங்கள் நிலைமைக்கு மாற்றிப்போட்டுப் பாருங்கள். யூபிஎஸ் ஏற்கனவே இருக்கலாம், ஒப்பந்தம் ஆண்டு முழுவதும் இருக்கலாம். தொகை குறையும், ஆனால் 577-க்கு ஒருபோதும் வராது.

கணக்கில் வராத ஒன்றும் உண்டு. காத்திருப்பு. இரவு ஒன்பதரைக்கு ஸ்லாக்கில் ஒரு வரி: “இருக்கீங்களா மேடம்?” இருக்கிறேன் என்றால் பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் எப்போது வரும் என்று தெரியாததால் மாலை முழுவதும் போனைக் கையில் வைத்திருக்க வேண்டும். வளைந்து கொடுக்கும் நேரம் என்கிறார்களே, வளைவது யாருடைய நேரம்? இதற்கு வழி இல்லாமல் இல்லை. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை மணிக்கு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். வக்கீல்கள் அப்படித்தான் வாங்குகிறார்கள். பெண் நிரலாளர் கேட்டால் மட்டும் பேராசை.

நம்பிக்கை பற்றி ஒரு சொல். ஷெர்லியின் நிறுவனத்துக்குத் தேவைப்பட்டது வீட்டில் ஒரு தொலைபேசி. நிரலைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். எப்போது எழுதினாய் என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. இன்று அப்வொர்க் போன்ற தளத்தில் மணிக்கணக்கில் வேலை எடுத்துப் பணத்துக்கு உத்தரவாதமும் வேண்டுமென்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படம்பிடிக்கும் செயலியை ஓடவிட வேண்டும். பிரச்சினையை யோசித்தபடி அடுப்பைத் துடைக்கும் நேரம் அதில் பதிவாகாது. நிரல் எழுதுபவர்களுக்குத் தெரியும், தீர்வு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. அறுபது ஆண்டில் கருவி முன்னேறியிருக்கிறது. நம்பிக்கை பீடிக் கடையின் தராசுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதை நம் பெண்களே சொல்கிறார்கள்: இல்லையென்றால் ஒன்றுமே இல்லையே, வீட்டில் சும்மா இருப்பதற்கு ஏதோ வருகிறதே. இந்த ‘ஏதோ’வைக் கொடுப்பவர் அதைப் பூச்சியத்தோடு ஒப்பிடுவதில்லை. இன்னொரு முழுநேர ஊழியரை எடுத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுத்தான் உங்களிடம் வருகிறார். அவர் ஒப்பிடுவதையே நாமும் ஒப்பிட வேண்டும். மேலும், ‘ஏதோ’ வாங்கும் ஒருத்தியின் தொகைதான் அடுத்தவளிடம் காட்டப்படும் சந்தை விலை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள அந்த நான்கு மணிநேரம் யார் வருகிறார்கள் என்பதும் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. மாமியார் பார்த்துக்கொண்டால் அந்த உழைப்புக்கும் பெயர் இல்லை. ஆள் வைத்தால், மணிக்கு 577 வாங்குபவள் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுப்பாள்? பெண் பேரத்தில் இழந்ததைத் தனக்குக் கீழே இருக்கும் பெண்ணிடம் ஈடுசெய்யும் இந்தச் சங்கிலியைப் பற்றி ஷெர்லியின் கதையைச் சொல்பவர்கள் பேசுவதில்லை. மேசையில் நிரல் எழுதும் தாயின் படம்தான் நமக்கு வேண்டும். அப்படி ஒரு புகைப்படம் உண்மையிலேயே இருக்கிறது. 1966-இல் ஆன் மொஃபாட் தன் வீட்டு மேசையில் கான்கார்டுக்கான நிரலை எழுதிக்கொண்டிருக்கிறார், அருகில் குழந்தை. அழகான படம். விடுதலையின் படமாகவே அதைப் பகிர்கிறார்கள். எனக்கு அது ஓர் அலுவலகம் தன் வாடகையையும் குழந்தைக் காப்பகத்தையும் மிச்சப்படுத்திய படமாகவும் தெரிகிறது. இரண்டும் உண்மை.

ஷெர்லியின் நிறுவனத்துக்குப் பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1975-இன் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தால் பெண்களை மட்டும் எடுப்பது சட்டவிரோதம் ஆனது, ஆண்களையும் சேர்த்தார்கள். ஷெர்லி 1993-இல் ஓய்வுபெற்றார். அதன்பின் நிறுவனம் இந்திய மென்பொருள் நிறுவனம் ஒன்றை வாங்கியது, சான்சா என்று பெயர் மாறியது, நொய்டா, புனே, சென்னை என்று ஆயிரக்கணக்கான பேரை வைத்து வேலை வாங்கியது, 2007-இல் பிரான்சின் ஸ்டீரியாவிடம் போனது. இங்கிலாந்துத் தாய்மார்களின் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய வேலை நம் ஊருக்கே வந்தது. இரண்டு இடத்திலும் ஈர்த்தது ஒன்றே: நல்ல படிப்பு, குறைந்த விலை. சென்னை அலுவலகங்களில் சேர்ந்த பெண்கள் முப்பது வயதில் பிள்ளை பெற்று வெளியே வந்து, மறுபடி ஒரு மேசையைத் தேடுகிறார்கள்.

அவர்களில் ஒருத்தி என் தோழி. பத்தாண்டு அனுபவம், இப்போது கோவையில். சென்னை நிறுவனம் ஒன்று அவளுக்கு மணிக்கு 450 ரூபாய் என்றது. “வீட்டுலதானே மேடம் இருக்கீங்க, டிராவல் செலவுகூட இல்லையே” என்றாராம் பேசியவர். மேலே போட்ட கணக்கை அவளோடு உட்கார்ந்துதான் போட்டேன். அவள் 1,100 என்று எழுதி அனுப்பினாள், கணக்கையும் இணைத்து. ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு 800 என்று வந்தது. பில்லில் நிரல் எழுதிய நேரம், கூட்டத்தில் இருந்த நேரம், திருத்திய நேரம், பழைய நிரலை வாசித்துப் புரிந்துகொண்ட நேரம் என்று நான்கு வரி தனித்தனியாகப் போடுவேன் என்று நிபந்தனை வைத்தாள். கூட்டத்துக்கும் திருத்தத்துக்கும் ஒப்புக்கொண்டார்கள். வாசிப்பதற்குக் காசு தர முடியாது என்றார்கள். அந்த வரியை அவள் இன்னும் ஒவ்வொரு மாதமும் மணிக்கணக்கோடு எழுதி, தொகைக்கு நேராகப் பூச்சியம் போட்டு அனுப்புகிறாள்.